பேத்தியின் கழுத்தில் அந்த வெள்ளைத் துணி என்ன?



பேத்தி குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை இங்கே போட்டாலும் போட்டேன், மூன்று நாளாகக் கைப்பேசி ஓயவில்லை. "டீச்சர், பாப்பாவுக்குக் கழுத்துல அடியா? கட்டு போட்டிருக்கே" என்று முதலில் கேட்டவன் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். இப்போது திருச்சியில் பெரிய அதிகாரி. கும்பகோணத்து அத்தை ஒருபடி மேலே போய், "தொண்டைக்கட்டு என்றால் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடு" என்று குரல் செய்தி அனுப்பிவிட்டார். என் தம்பி மகன், "வக்கீலுக்குப் படிக்க வைக்கிறீங்களா அத்தை?" என்று கேட்டான்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதக் கண் இடம் கொடுக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். துணியைப் பற்றித் தொடங்கினாலும், உங்கள் வீட்டுக்கும் வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

அந்தத் துணிக்கு 'ஸ்டாக்' என்று பெயர். 'ஸ்டாக் டை' என்றும் சொல்கிறார்கள். குதிரையேற்றப் போட்டியில் கழுத்தில் கட்டுவது. பேத்தி கலந்துகொண்ட போட்டிக்கு 'டிரெஸ்ஸாஜ்' என்று பெயர். குதிரையை வேகமாக ஓட்டுவது அல்ல அது. 20 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம் உள்ள ஒரு மைதானம். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நீளம் 40 மீட்டர் போதும். அதைச் சுற்றி ஆங்கில எழுத்துகளை நட்டு வைத்திருப்பார்கள். இந்த எழுத்திலிருந்து அந்த எழுத்துவரை நடை, இங்கே ஒரு வட்டம், அங்கே நின்று வணக்கம் என்று சொன்னபடி குதிரையைக் கொண்டுபோக வேண்டும். நடுவர்கள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். சீன நாட்டில் ஹாங்சோ நகரத்தில் 2023 செப்டம்பரில் நடந்த ஆசிய விளையாட்டில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் விபுல் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வரும் இந்தியாவுக்குக் குழுத் தங்கம் வாங்கிக் கொடுத்தது இந்தப் போட்டியில்தான். 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் வாங்கிய பிறகு, குதிரையேற்றத்தில் நமக்குத் தங்கம் கிடைக்க 41 வருடம் ஆனது. அன்றைக்குத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேத்தி அவள் அம்மாவை நச்சரிக்க ஆரம்பித்தாள்.

ஸ்டாக் பிறந்த இடம் போட்டி மைதானம் அல்ல, வேட்டைக்களம். இங்கிலாந்தில் குதிரைமேல் ஏறி, நாய்களை முன்னே விட்டு வேட்டைக்குப் போவார்கள். வேலி தாண்டி, ஓடை தாண்டிப் போகும்போது யாராவது விழுவது சகஜம். பக்கத்தில் வைத்தியர் இருக்க மாட்டார். அப்போது கழுத்தில் இருக்கும் நீளத் துணியை அவிழ்த்தால் கை ஒடிந்தவனுக்குத் தூளி ஆகும், குதிரையின் காலில் காயம் என்றால் அதற்குச் சுற்றும் கட்டும் ஆகும். அதனால்தான் அதை வெள்ளைப் பருத்தியில், நல்ல நீளமாக வைத்துக்கொண்டார்கள் என்று குதிரைக்காரர்கள் சொல்லுகிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் அந்த வழக்கம் வந்து தங்கிய ஓர் இடம் உண்டு. ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய 'ஊட்டகமண்ட் ஹன்ட்' அவர்கள் போன பிறகும் நின்றுவிடவில்லை. வெலிங்டன் இராணுவக் கல்லூரி அதிகாரிகள் அதில் குதிரை ஏறியிருக்கிறார்கள். ஆக, இந்தத் துணி நம் மலைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. நம் டெல்டாவுக்கு இப்போதுதான் இறங்கி வந்திருக்கிறது.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் கழுத்தில் துணி கட்டுவது என்றாலே ஆகாது. உறவினர்களுக்குக் காரணம் தெரியும். மாணவர்களுக்கு நான் சொன்னதில்லை. திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். 1972-ல் எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அப்போதுதான் ஊரில் ஒவ்வொருவராக ஃபில்டர் பாயின்ட் போர் போட்டு, ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைக்க ஆரம்பித்திருந்தார்கள். மார்கழி மாதம். விடியற்காலைப் பனி. பெரியப்பா துண்டைத் தலையோடு சேர்த்துக் கழுத்தைச் சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனார். இன்ஜினைக் கிளப்பிவிட்டுக் குனிந்திருக்கிறார். துண்டின் முனை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு ஓடினவர்கள் இன்ஜினை நிறுத்தினார்கள். முடிச்சு இறுகிப் போய் விரலுக்கு அவிழவில்லை. அரிவாள் தேடி எடுத்து அறுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அம்மா ஒரு சட்டம் போட்டார்: தாலிக்குப் போடும் மூன்று முடிச்சைத் தவிர இந்த வீட்டில் யார் கழுத்திலும் முடிச்சு விழக்கூடாது. மப்ளர் கிடையாது. தம்பி டை கட்டும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. பிள்ளைகள் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ராஜா வேஷம் போட்டால் முதுகில் அடி விழும்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை கிடைத்து, சில வருடங்களில் சாரணியர் படைக்கு என்னைக் கைடு கேப்டனாகப் போட்டார்கள். பயிற்சி முகாமிலிருந்து கழுத்தில் ஸ்கார்ஃபோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலிலேயே மறித்தார். "கழட்டிட்டு உள்ள வா." நான் எதுவும் பேசவில்லை. ஸ்கார்ஃபின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கும் வளையத்தைக் காட்டினேன். 'வாகிள்' என்போமே, அதுதான். "இழுத்துப் பாரும்மா" என்றேன். இழுத்தார். வளையம் வழுக்கிக் கீழே இறங்கியது, ஸ்கார்ஃப் கையோடு வந்துவிட்டது. "இதுல முடிச்சு இல்லை, சரி" என்று வழிவிட்டார். அன்றைக்குத் தப்பித்தேன்.

இந்த வருடம் பேத்தி ரூபத்தில் அதே கேள்வி திரும்பி வந்தது. மகள் குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. நகரத்துக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பள்ளியில் பேத்தி இரண்டு வருடமாகப் பழகுகிறாள். இது காசு உள்ளவர்கள் விளையாட்டு என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். மகளும் மருமகனும் வேறு பல செலவுகளைக் குறைத்துக்கொண்டு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். முதல் போட்டிக்கு முன் விடுமுறையில் தஞ்சாவூர் வந்தவள், "அம்மாச்சி, நீங்கதானே கைடு டீச்சர். எனக்கு ஸ்டாக் கட்டக் கத்துக்கொடுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மகள் சொன்னாள், "எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்? கட்டி வச்ச மாதிரியே ரெடிமேடா கிடைக்குது. பின்னால வெல்க்ரோ. ஒட்டினா முடிஞ்சுது." அதிலும் தவறில்லை. இழுத்தால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் அது பார்க்க மட்டும்தான் கட்டு. ஆபத்துக்கு அவிழ்த்துக் காயத்தைக் கட்ட முடியாது. பேத்திக்கும் அது பிடிக்கவில்லை. "கட்டத் தெரியாம கட்டின மாதிரி போட்டுக்கிட்டுப் போனா எப்படி அம்மாச்சி?" என்றாள். ஆசிரியையின் பேத்தி அல்லவா!

கடையில் வாங்காமல் நானே ஒன்று தைத்தேன். தாத்தாவின் புது நாலு முழ வேட்டி ஒன்று பீரோவில் இருந்தது. அதை நீளவாக்கில் கிழித்து, கழுத்தில் படும் நடுப்பகுதியை மட்டும் நாலாக மடித்துத் தைத்தேன். இரண்டு முனையையும் விரிந்தபடியே விட்டுவிட்டேன். பிடரிப் பக்கம் வரும் இடத்தில் நீளமாக ஒரு காஜா எடுத்தேன். பிறகு நம் ஊர் வைத்தியம்: வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு இளக்கி, துணியை முக்கிப் பிழிந்து, நிழலில் முக்கால் பங்கு காயவிட்டு, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி. கஞ்சி போட்ட பருத்தி வழுக்காது, முடிச்சு நின்ற இடத்தில் நிற்கும். பளபளப்பான பாலியஸ்டர் துணியில் இது நடக்காது.

இனி கட்டும் முறை. வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன். ஒரு நீளத் துண்டை எடுத்துக்கொண்டு கூடவே செய்து பாருங்கள். கழுத்தில் வேண்டாம், முதலில் தொடையில் கட்டிப் பழகுங்கள். என் மாணவிகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஒன்று: துணியின் நடுவை முன்கழுத்தில் வைக்க வேண்டும். டை கட்டுவது போலப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவருவது அல்ல, முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும்.

இரண்டு: இரண்டு முனையையும் பிடரிக்குக் கொண்டுபோய், ஒரு முனையைக் காஜாவுக்குள் நுழைத்து, இரண்டையும் மறுபடி முன்னால் கொண்டுவர வேண்டும். காஜா எதற்கு என்றால், பின்னால் துணி குறுக்கே புரளாமல் ஒரே பட்டையாக நிற்கும். இந்த இடத்தில் துணிக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் அவிழ்த்து முதலிலிருந்து கட்டு.

மூன்று: முன்னால் வந்த இரண்டு முனையையும் குறுக்கே போட்டு ஒரு அரை முடிச்சு. வலது மேலே, இடது கீழே.

நான்கு: இப்போது மாற்றி, இடது மேலே, வலது கீழே இன்னொரு அரை முடிச்சு. இரண்டும் சேர்ந்தால் ரீஃப் முடிச்சு. தட்டையாக, கழுத்தில் குத்தாமல் உட்காரும்.

ஐந்து: இரண்டு முனையையும் கீழே இறக்கி, முடிச்சு வெளியே தெரியாதபடி ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட வேண்டும். குறுக்கே வரும் இடத்தில் நீளமான ஒரு ஊக்கு. பொன்நிறத்தில், வேலைப்பாடு இல்லாமல் இருக்கும். அதைக் கட்டாயமாகப் படுக்கை வாட்டில்தான் குத்த வேண்டும். விழுந்து ஊக்குத் திறந்துகொண்டால், நிமிர்ந்து நிற்கும் ஊசி தாடையிலோ நெஞ்சிலோ ஏறிவிடும்.

ஆறு: கீழே தொங்கும் இரண்டு வாலையும் சட்டையோடு சேர்த்து ஆளுக்கொரு சாதாரண ஊக்கால் குத்திவிட்டு, அதன்மேல் கோட்டுப் போட வேண்டும். வெளியே எதுவும் ஆடக்கூடாது.

அவ்வளவுதான். பத்துத் தடவை கட்டினால் கை பழகிவிடும். பேத்திக்கு ஏழாவது தடவையிலேயே வந்துவிட்டது.

நாலாவது படியில்தான் பிள்ளைகள் சறுக்குவார்கள். இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டால் வருவது வேறு முடிச்சு. ஆங்கிலத்தில் அதற்குக் 'கிரானி நாட்', அதாவது பாட்டி முடிச்சு என்று பெயர். இதைச் சொன்னதும் பேத்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அம்மாச்சி முடிச்சு போடாதீங்க அம்மாச்சி" என்று இரண்டு நாள் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். ரீஃப் முடிச்சில் ஒவ்வொரு முனையும் தான் வந்த துணியோடு ஒட்டியே படுத்திருக்கும். பாட்டி முடிச்சில் முனைகள் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும். அது ஒன்று வழுக்கும், இல்லை இறுகிக்கொண்டு அவிழாமல் சதி செய்யும்.

முதலுதவியில் ரீஃப் முடிச்சையே போடச் சொல்வதற்குத் தட்டையாக இருப்பது மட்டும் காரணம் அல்ல. அவிழ்ப்பதற்கு ஒரு வழி அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு முனையை ஒரு கையிலும், அதே முனை வந்த துணியை இன்னொரு கையிலும் பிடித்து இரண்டு பக்கமாக இழுங்கள். அந்தத் துணி நேராகிவிடும். மற்றது அதன்மேல் வெறும் வளையமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். வழித்தால் கழன்றுவிடும். எவ்வளவு இறுகியிருந்தாலும் பெரும்பாலும் வந்துவிடும். இதே காரணத்தால்தான் பளு தூக்கும் கயிற்றில் ரீஃப் முடிச்சுப் போடவே கூடாது. எந்த முடிச்சும் எல்லா வேலைக்கும் ஆகாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதா என்ன? வண்டி மாட்டின் கழுத்தில் போடும் பூட்டாங்கயிற்றை நினைத்துப் பாருங்கள். மாடு படுத்துவிட்டாலும் வண்டி குடை சாய்ந்தாலும் சட்டென்று கழற்றும்படிதான் அப்பா மாட்டுவார். நடவுக்கு நாற்றை முடி கட்டுகிற பெண்கள், வயலில் வீசியதும் ஒரே இழுப்பில் பிரிக்கும்படிதான் கட்டுவார்கள். குதிரைப் பள்ளியிலும் பேத்திக்கு முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது குதிரை ஏறுவதை அல்ல, குதிரையைக் கட்டுவதை. தொங்கும் முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும் உருவு முடிச்சு. குதிரை மிரண்டு இழுத்தால் அதன் கழுத்து ஒடியக்கூடாது, கட்டின ஆளின் விரலும் போகக்கூடாது.

அம்மாவுக்கு இப்போது 88 வயது. கண் மங்கல், காது தெளிவு. நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "என்னடி அது, கழுத்து கழுத்துன்னு பேசுறீங்க?" என்றார். பேத்தி பயப்படாமல் போய் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "பெரிய அம்மாச்சி, தொட்டுப் பாருங்க."

அம்மா விரலால் தடவினார். முடிச்சைத் தொட்டார். முகம் மாறியது. எனக்கு வயிறு கலங்கியது. "சுருக்கா?" என்றார். "இல்லை பெரிய அம்மாச்சி, இழுத்துப் பாருங்க, இறுகாது" என்று தன் கையாலேயே அவர் கையில் முனையைக் கொடுத்தாள். அம்மா மெதுவாக இழுத்தார். முடிச்சு இறுகியதே தவிரக் கழுத்து வளையம் சுருங்கவில்லை. பிறகு பேத்தி நான் சொல்லிக்கொடுத்தபடி வெடுக்கென்று அவிழ்த்துக் காட்டினாள். மறுபடி கட்டச் சொன்னார். கட்டினாள். மறுபடி அவிழ்க்கச் சொன்னார். மூன்றாவது தடவை ஊக்கு எல்லாம் குத்தி முடித்த பிறகு, அம்மா கை கீழே இறங்கி அந்த இரண்டு வாலையும் தேடியது. சட்டையோடு குத்தியிருந்த ஊக்கு இரண்டையும் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"முனையை இப்படி உள்ள சொருகியிருந்தாப் போதும்டி. முடிச்சு என்ன பண்ணும். தொங்குனதுதான் மாட்டுச்சு."

ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. நாங்கள் எல்லோரும் முடிச்சைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவும் அப்படித்தான் சட்டம் போட்டார். ஆனால் இத்தனை காலமும் மனதுக்குள் அந்தக் காலையைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்த இடத்தில் தவறியது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். முதலில் மாட்டியது தொங்கிக்கொண்டிருந்த முனை. முடிச்சு இறுகியது அதற்குப் பிறகுதான். பேத்தியின் தலையில் கை வைத்து, "போய்ட்டு வா" என்றார்.

அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தொங்கும் துணியால் போனவர் எங்கள் பெரியப்பா ஒருவர் மட்டும் அல்ல. இசடோரா டங்கன் என்று உலகப் புகழ் பெற்ற நடனக் கலைஞர் ஒருவர் இருந்தார். 1927-ல் பிரான்சு நாட்டு நீஸ் நகரத்தில் திறந்த காரில் ஏறிப் போகும்போது அவருடைய நீளப் பட்டுத் துணி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு இறந்துபோனார். நம் ஊரில் இரண்டு சக்கர வண்டியின் பின்னால் உட்காரும் பெண்களின் சேலையும் துப்பட்டாவும் அதே கதைதான். இதற்காகவே 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இருக்கிறது. பின் சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும், பின்னால் இருப்பவரின் துணி சிக்கக்கூடாது என்று அது சொல்கிறது. வண்டி வாங்கும்போது கூடவே வரும் சேலைக் காப்பு அதற்குத்தான். அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிப் போட்ட மாணவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்கே மாட்டிவிடுங்கள்.

துப்பட்டாவைப் பின்னால் முடிந்தோ, முன்னால் இடுப்பில் சொருகியோ உட்காருங்கள். அறுவடை சமயத்தில் கதிரடிக்கும் மெஷின் பக்கம் நிற்பவர்கள் துண்டைத் தோளில் போடாதீர்கள், கழுத்தில் சுற்றாதீர்கள். தலையில் முண்டாசு கட்டினாலும் முனையை உள்ளே செருகுங்கள். மோட்டார் பெல்ட், மாவு மில், கரும்புச் சாறு பிழியும் மெஷின் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மில்லில் வேலை பார்க்கும் மாணவிகள் பின்னலையும் மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. கழுத்தில் இருக்கும் துணி அடுத்தவருக்கு உதவும் என்பது வெறும் பேச்சு அல்ல. 1997-ல் எங்கள் பள்ளியில் ஒரு பெண் மதில்மேலிருந்து விழுந்து முன்கை ஒடிந்துவிட்டது. ஏழாம் வகுப்புச் சாரணியர்கள் நான்கு பேர் அலறாமல் ஓடிவந்தார்கள். அடிக்கோலைச் சிம்பாக வைத்து, இரண்டு ஸ்கார்ஃபால் கட்டி, மூன்றாவது ஸ்கார்ஃபால் தூளி மாட்டினார்கள். எல்லாம் ரீஃப் முடிச்சு. பேருந்தில் தஞ்சாவூர் போகும்வரை கட்டு அசையவில்லை. அங்கே டாக்டர் அவிழ்க்கும்போதும் தொல்லை இல்லை. விழுந்த பெண்ணும் கட்டின நால்வரும் இங்கே இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, அவர்களே சிரித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது 108 இருக்கிறது, முதலில் அதை அழையுங்கள். உயரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தவரின் கழுத்தையும் முதுகையும் அசைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இரத்தத்தை அழுத்திப் பிடிக்கவும் கையைத் தாங்கவும் ஒரு சுத்தமான பருத்தித் துணியும் ஒரு முடிச்சும் போதும்.

போட்டியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பரிசு இல்லை. பதினெட்டுப் பேரில் பதினொன்றாவது. ஒரு வட்டம் முட்டை வடிவத்தில் போய்விட்டது என்று நடுவர் தாளில் எழுதியிருக்கிறார். ஸ்டாக்கைத் தானே கட்டிக்கொண்டாளாம். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த இன்னொரு பெண்ணுக்கும் கட்டிவிட்டாளாம். அதற்கு நடுவர் மதிப்பெண் போடமாட்டார். நான் போட்டுவிட்டேன்.

சரி, வீட்டுப்பாடம். இன்று இரவு உங்கள் பிள்ளைகளை உட்கார வைத்து, இரண்டு நிறக் கயிறு கொடுத்து ரீஃப் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். வலது மேல் இடது, இடது மேல் வலது. பிறகு அவிழ்க்கச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். வண்டியில் சேலைக் காப்பு இருக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். செய்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். செய்யாதவர்களையும் நான் கண்டுபிடித்துவிடுவேன், உங்களுக்கே தெரியும்.

அம்மா நலமாக இருக்கிறார். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

வாழ்க வளமுடன்.
என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்